வேலை நேரம்

பிளாக் ஆல்டர் அருவிக்கு வேலை நேரம் உண்டு.
சனி, ஞாயிறு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து.
மே மாதக் கடைசியில் தொடங்கி
மேப்பிள் இலைகள் கொட்டித் தீரும்வரை.
மற்ற நாளெல்லாம் ஆறு எங்களுடையது.
குழாய்க்குள் இறங்கி டர்பைனைச் சுற்றிவிட்டு
விஸ்கான்சினின் வடக்கு மூலையில்
யார் யார் வீட்டுக் குளிர்பெட்டிக்குள்ளோ
சில்லென்று போய் உட்கார்ந்துகொள்ளும்.

மின் கம்பெனிக்கும் மாநிலத்துக்கும் அப்படி ஒப்பந்தம்.
பதினேழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறது:
'கண்ணுக்கினிய அளவு நீர்.'
எவ்வளவு விழுந்தால் கண்ணுக்கு இனிக்கும் என்று
வினாடிக்கு இத்தனை கன அடியாகக் கணக்கிட்டு
நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

மதகைத் திறப்பவன் நான்.
இரண்டு மைல் மேலே, ஜன்னல் இல்லாத அறை.
எட்டு இருபதுக்குப் பச்சைப் பொத்தான்.
தண்ணீர் போய்ச் சேர நாற்பது நிமிடம்.
ஒன்பது மணிக்குப் பூங்காவிலிருந்து
ரெனாட்டா வோய்ச்சிக் கூப்பிடுவாள்.
"லைல், வந்தாச்சு."
அவ்வளவுதான். வைத்துவிடுவாள்.
நான் பதிவேட்டில் 'வந்தது' என்று எழுதுவேன்.

பத்தொன்பது வருடம் இப்படி.
அவளை நான் பார்த்ததில்லை.
அருவியையும்தான்.
அது விழும்போதெல்லாம் எனக்கு வேலை,
எனக்கு ஓய்வென்றால் அதற்கும் ஓய்வு.
பெட்ரோல் பங்க் காகிதக் கோப்பையில்
அதன் படம் உண்டு; உதட்டுப் பக்கம் கொஞ்சம் அழிந்திருக்கும்.

அந்தத் தொலைபேசியில் ஓர் இரைச்சல்.
அவள் குரலுக்குப் பின்னால்
யாரோ விடாமல் அரிசி களைவதுபோல.
மூன்று முறை புகார் எழுதினேன்.
ஒரு பையன் வந்தான், ஒயரை மாற்றினான்,
என் காபியைக் குடித்துவிட்டுப் போனான்.
அடுத்த சனிக்கிழமையும் களைந்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா போய்ப் பார்த்தேன்.
வெறும் பாறை.
வெயிலில் காயும் மாட்டுத்தோல் மாதிரி கிடந்தது.
இடுக்குகளில் காசுகள், ஒற்றை மூக்குக்கண்ணாடி,
தேங்கிய குட்டையில் விரல் நீள மீன் ஒன்று
வார இறுதிக்குக் காத்திருந்தது.
மில்வாக்கியிலிருந்து ஒரு ஜோடி
கல்யாண உடுப்போடு, புகைப்படக்காரரோடு வந்து நின்றது.
"எவன் இதை மூடினது?" என்றான் மாப்பிள்ளை.
கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு
"தெரியலையே" என்றேன்.

போன செப்டம்பரில் முழங்கால் அறுவை.
என் நாற்காலியில் கோல்பி என்ற பொடியன்.
சனிக்கிழமை காலை ஊன்றுகோலோடு
எட்டு டாலர் சீட்டு வாங்கி உள்ளே போனேன்.
என் அருவிக்கு நானே காசு கொடுத்து.

வாசாவிலிருந்து வந்த மோங் குடும்பமொன்று
பாயை விரித்து, ஒட்டரிசியும் கோழி வறுவலும் திறந்துவைத்தது.
"எங்கே காணோம்?" என்றாள் அதில் ஒரு சிறுமி.
சைரன் ஊதியது.
ஒன்பது.
ஒன்பது இரண்டு.
ஒன்பது நான்கு.
தூங்கிட்டியாடா, கோல்பி.
கூட்டத்திலேயே எனக்கு மட்டும்
வயிற்றைக் கலக்கியது.

பிறகு பாறையின் உச்சியில் ஒரு கறுத்த கோடு,
மேஜைத் துணியில் கொட்டிய தேநீர் பரவுவதுபோல.
சதுப்பு மரங்களின் சாயம் இறங்கிய தண்ணீர்,
தேநீர் நிறமேதான்.
அப்புறம் மொத்தமாக.
எல்லோரும் "ஓ" என்றார்கள்.
நானும் சொல்லியிருப்பேன்; நினைவில்லை.

கைப்பிடிக் கம்பி ஓரமாய், கம்பத்தில் மாட்டிய தொலைபேசியில்
காக்கிச் சட்டைக்காரி ஒருத்தி.
குரலைவிடக் குள்ளம்.
ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்:
"கோல்பி, வந்தாச்சு!"

அவளைச் சுற்றி, எனக்கு மேலே, சட்டை நனைய
அதே இரைச்சல்.
பத்தொன்பது வருடமாய்
வாரத்துக்கு இரண்டு முறை என் காதில் விழுந்தது.
நான் புகார் எழுதியிருக்கிறேன்.

அவளிடம் போய்ப் பேசவில்லை.
ஒயர் மாற்ற வந்த பையன் ஞாபகம்தான் வந்தது.
பாவம், இரண்டு மணி நேரம்
முட்டி போட்டுத் தேடினான்.
லைனில் ஒரு கோளாறும் இல்லை சார் என்று
அன்றைக்கே சொன்னான்.